விக்கா வழியில் முதல் ஓராண்டு: நிலா, ஒரு செடி, ஒரு நோட்டு

விக்கா என்ற மதத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்னென்ன வாங்க வேண்டும்?" என்பதுதான். ஒரு நோட்டும் பேனாவும் போதும் என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடும். கறுப்புக் கைப்பிடி போட்ட கத்தி, வெள்ளிக் கிண்ணம், படிகக் கற்கள், குறி பார்க்கும் டாரட் சீட்டு என்று ஒரு பட்டியல் மனத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பொருள்கள்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. என் பீடத்திலும் சில இருக்கின்றன. ஆனாலும் முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இயற்கையைத் தெய்வமாக மதிக்கும் வழி இது. இன்றைய நிலா வளர்கிறதா தேய்கிறதா என்று தெரியாமல், வாசலில் நிற்கும் செடியின் பெயர் தெரியாமல், கத்தியை ஏந்திக்கொண்டு திசைகளை அழைப்பதில் உயிர் இருக்காது.

நான் அப்படித்தான் தொடங்கினேன். முதல் ஆண்டு முழுக்கச் சடங்குகளை வரி பிசகாமல் படித்துப் படித்துச் செய்தேன். வானத்தை நிமிர்ந்து பார்த்த நாள்கள் மிகக் குறைவு. இரண்டாம் ஆண்டில் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு நோட்டோடு மறுபடி தொடங்கியபோதுதான் இந்த வழி எனக்குப் பிடிபட்டது. கீழே இருப்பது அந்த இரண்டாம் தொடக்கத்தின் வரிசை.

பெயர்களும் வரலாறும்

பேகன் என்பது ஒரு பெரிய குடை. நாட்டுப்புறத்தான் என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கிறிஸ்தவர் அல்லாதவர்களைக் குறிக்கக் கிறிஸ்தவர்கள் பயன்படுத்தியது. இன்று அதைப் பெருமையோடு சூட்டிக்கொள்கிறவர்கள் பலர்: பழைய கெல்ட் மக்களின் பூசாரி மரபைப் போற்றும் ட்ரூயிட் வழியினர், வடஐரோப்பியத் தெய்வங்களை வணங்கும் ஹீத்தன் வழியினர், பழைய கிரேக்கத் தெய்வங்களை வணங்குகிறவர்கள். அந்தக் குடையின் கீழ் நிற்கும் ஒரு மதம்தான் விக்கா. ஆகவே விக்கா வழியினரைப் பேகன் என்று சொல்லலாம், பேகன்கள் எல்லோரையும் விக்கா என்று சொல்ல முடியாது.

விக்கா கற்காலத்திலிருந்து அறுபடாமல் வருகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது 20-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான மதம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஜெரால்ட் கார்ட்னர், 1939-இல் தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில், விட்ச் எனப்படும் மந்திர வழியினரின் ஒரு குழுவில் தான் தீட்சை பெற்றதாகச் சொன்னார். மந்திர சக்தி உண்டென்று சொல்லிக்கொள்வதையே குற்றமாக்கிய, அந்நாட்டின் 1735-ஆம் ஆண்டு மாந்திரீகச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. 1954-இல் அவருடைய புத்தகம் வந்தபிறகு இந்த வழி வெளியுலகுக்குத் தெரிந்தது. அவரிடம் 1953-இல் தீட்சை பெற்ற டோரின் வேலியன்ட் சடங்கு வரிகள் பலவற்றைத் திருத்தி எழுதினார். இன்று பௌர்ணமிகளில் நாம் சொல்லும் அழகான வரிகளில் பல அவருடைய கைவண்ணம்.

தொண்ணூறு லட்சம் விட்ச்கள் எரிக்கப்பட்டார்கள் என்ற கதையும் சுற்றிவருகிறது. ஐரோப்பாவின் விட்ச் வழக்குகளில் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேர் என்பதே வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அவர்களில் பெரும்பாலோர் தங்களைக் கிறிஸ்தவர்களாகவே நினைத்து வாழ்ந்தவர்கள். அவர்களை நம் முன்னோடிகள் என்று சொந்தம் கொண்டாடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எண்பது ஆண்டு இளமையான மதமாக இருப்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விட்ச் என்பதைச் சூனியக்காரி என்று மொழிபெயர்க்கிறார்கள். பிறருக்குக் கேடு வைப்பவர் என்ற பொருள் அந்தச் சொல்லில் ஊறிக்கிடக்கிறது. அதனால் நான் விட்ச் என்றே எழுதுகிறேன். சாத்தான் வழிபாடு என்ற சந்தேகமும் இங்கே பொருந்தாது. சாத்தான் கிறிஸ்தவ மரபின் பாத்திரம். விக்காவின் கொம்புள்ள கடவுள் காட்டின், விலங்கின், வேட்டையின் கடவுள். அவரோடு நிலவின் தேவி. இருவரையும் உண்மையான தெய்வங்களாக வணங்குகிறவர்கள் உண்டு, மனத்தின் உருவகங்களாகக் கொள்கிறவர்களும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை.

முதல் மாதம் வானத்துக்கு

இன்று இரவே தொடங்கலாம். வெளியே போய் நிலாவைத் தேடுங்கள். தெரிந்தால் அதன் வடிவத்தை நோட்டில் வரையுங்கள், நேரத்தையும் திசையையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் "தெரியவில்லை, மேகம்" என்று எழுதுங்கள். கூடவே அன்றைய மனநிலை ஒரு வரி, தூக்கம் ஒரு வரி. இவ்வளவுதான் வேலை. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29½ நாள். அந்த ஒரு சுற்றை விடாமல் எழுதி முடியுங்கள்.

செய்யச் செய்யச் சில விஷயங்கள் தானாகப் பிடிபடும். நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. பௌர்ணமி நிலா சூரியன் மறையும் வேளையில் எழும். வளர்பிறையின் பாதி நிலா நடுப்பகல் வாக்கில் உதித்து நள்ளிரவு வாக்கில் மறையும். தேய்பிறையின் பாதி நிலாவோ நள்ளிரவுக்குத்தான் எழும். அதைப் பார்க்க அதிகாலையில் விழிக்க வேண்டும். வளர்பிறையில் வலப்பக்கம் ஒளிரும் என்று புத்தகங்களில் படிப்பீர்கள். அது வட அரைக்கோளத்துக் கணக்கு. தெற்கே அது இடப்பக்கம். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் பிறை படகு மாதிரி மல்லாந்து கிடக்கும். புத்தகமும் உங்கள் வானமும் ஒத்துப்போகாவிட்டால் வானத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கும் வளர்ப்பதற்கும் வளர்பிறை, நன்றி சொல்வதற்கும் நிறைவைக் கொண்டாடுவதற்கும் பௌர்ணமி, விடுவதற்குத் தேய்பிறை, ஓய்வுக்கு அமாவாசை. விக்காவின் நாள்கணக்கு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

ஐந்து நிமிடம் உட்காருதல்

தியானம் இல்லாத சடங்கு வெறும் நாடகமாகிவிடும். அதனால் இரண்டாம் வாரத்திலிருந்தே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேகன் வட்டாரத்தில் இதை கிரவுண்டிங் என்பார்கள். நான் வேரூன்றுதல் என்கிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையில் பதியுங்கள். முதுகு நிமிர்ந்திருக்கட்டும், விறைப்பு வேண்டாம். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். பத்து மூச்சு இப்படிப் போகட்டும். அடுத்து, முதுகுத்தண்டின் அடியிலிருந்தும் பாதங்களிலிருந்தும் வேர்கள் இறங்குவதாக எண்ணுங்கள்: தரை, மண், அதற்குக் கீழே ஈரம், பாறை. மூச்சை விடும்போதெல்லாம் உடம்பில் தேங்கிய பதற்றம் அந்த வேர் வழியாக வடிகிறது. இழுக்கும்போது மண்ணின் நிதானம் மேலேறி நெஞ்சில் வந்து தங்குகிறது. கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள். பிறகு வேர்களை மெதுவாக உள்ளிழுத்து, உள்ளங்கையைத் தரையில் வைத்து எழுந்திருங்கள். தண்ணீர் குடியுங்கள் அல்லது ஏதாவது ஒரு வாய் சாப்பிடுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சடங்குக்குப் பிறகு தலை லேசாக மிதப்பது போல் இருப்பதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம்.

கண்ணை மூடினால் எதுவும் தெரியவில்லை, வெறும் இருட்டுதான் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். மனக்கண்ணில் படம் வராத மனிதர்கள் நிறையப் பேர் உண்டு. அது குறை இல்லை. உள்ளங்கையில் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொள்ளுங்கள். அதன் எடையையும் குளிர்ச்சியையும் கவனியுங்கள். உங்களுக்கு அதுவே வேர்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய காயங்கள் உள்ளவர்களுக்கு, திடீர்ப் பீதி வருகிறவர்களுக்கு, கண்மூடி உட்காருவது சில நாள்களில் கெடுதல் செய்யும். நெஞ்சு படபடத்தால் கண்ணைத் திறந்துவிடுங்கள். அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்றைக்கு நடந்தபடியே மூச்சைக் கவனித்தால் போதும். தொடர்ந்து அப்படியே இருந்தால் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். சிகிச்சையும் இந்தப் பயிற்சியும் ஒன்றுக்கொன்று எதிரி கிடையாது.

பீடம்

மூன்று மாதம் ஆனபின் ஒரு சின்ன இடத்தை ஒதுக்குங்கள். அலமாரித் தட்டு, ஜன்னல் விளிம்பு, தட்டில் அடுக்கி எடுத்துவைக்கும் ஏற்பாடு, எதுவானாலும் சரி. நான்கு பூதங்களுக்கும் நான்கு பொருள்கள்: நிலத்துக்கு வடக்கில் ஒரு கல்லோ ஒரு சிட்டிகை உப்போ, காற்றுக்குக் கிழக்கில் கீழே உதிர்ந்து கிடந்த இறகு, நெருப்புக்குத் தெற்கில் மெழுகுவத்தி, நீருக்கு மேற்கில் ஒரு கோப்பைத் தண்ணீர். ஐந்தாவது ஆன்மா, ஐந்து முனை நட்சத்திரத்தின் உச்சி முனை அதைக் குறிக்கிறது. அதற்கு நடுவில் இடம் விட்டால் போதும்.

கத்தியை அதாமே என்பார்கள். அது எதையும் வெட்டாது, மழுங்கலாகவே இருக்கலாம். வட்டத்தை வரையும்போது திசை காட்ட மட்டுமே பயன்படும். உங்கள் சுட்டுவிரல் அதே வேலையைச் செய்யும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இரண்டு நாள் பழைய தண்ணீரில் தூசி மிதக்கும் பீடத்தைவிட, பீடமே இல்லாமல் இருப்பது நல்லது.

ஒரு பௌர்ணமிச் சடங்கு

பௌர்ணமிக் கூடுகையை எஸ்பாத் என்பார்கள். கீழே உள்ளது தனியாகச் செய்ய ஏற்றது. அரை மணி நேரத்தில் முடியும்.

குளியுங்கள், முடியாவிட்டால் கைகால் கழுவுங்கள். தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள். தொங்கும் கை வைத்த உடை வேண்டாம், கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், திரைச்சீலையைத் தள்ளிவிடுங்கள். மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும் வரை அறையை விட்டுப் போகாதீர்கள். இவற்றைச் சடங்குக்கு முந்தைய எச்சரிக்கையாக நினைக்காமல் சடங்கின் முதல் பகுதியாகவே நினைத்துச் செய்யுங்கள். நெருப்புக்கு நாம் காட்டும் மரியாதை இதுதான்.

வேரூன்றி உட்கார்ந்து எழுந்தபின், கிழக்கில் தொடங்கி வலச்சுற்றாக ஒருமுறை நடந்து வட்டத்தை வரையுங்கள். வட்டம் என்பது இந்த நேரமும் இந்த இடமும் வேறு என்று உடம்புக்குச் சொல்லும் வழி. வலச்சுற்று சூரியன் நகரும் திசை. தெற்கு அரைக்கோளத்தில் சூரியன் வடபுறமாக நகர்கிறது. அதனால் அங்கே பலர் இடச்சுற்றாக நடந்து, நெருப்பை வடக்கிலும் நிலத்தைத் தெற்கிலும் வைக்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஒவ்வொரு திசையிலும் நின்று உங்கள் சொந்த வார்த்தையில் அழையுங்கள். "கிழக்கே, காற்றே, என் மூச்சாக இருப்பவளே, வந்து உடனிரு" என்ற அளவு போதும். அடுக்குமொழி தேவையில்லை. தமிழில் சொல்லலாமா என்று தயங்குகிறவர்களுக்கு: அழுகை வந்தால் எந்த மொழியில் அழுவீர்களோ அந்த மொழியில் சொல்லுங்கள்.

பிறகு நிலாவைப் பாருங்கள். ஜன்னலிலிருந்து தெரியாவிட்டால் கிண்ணத் தண்ணீரைப் பார்த்தபடி இருங்கள். போன பௌர்ணமிக்குப் பிறகு நிறைவேறிய மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். கடினமான மாதமாக இருந்தால் ஒன்று போதும். கேட்க ஏதாவது இருந்தால் கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் பேசாமல் இருங்கள். என் நல்ல பௌர்ணமிகள் பெரும்பாலும் அப்படிப் போனவைதான்.

கடைசியாக ஒரு துண்டு ரொட்டியும் ஒரு வாய் பானமும். மது கட்டாயம் இல்லை, பழச்சாறு போதும். சாப்பிடுவதற்கு முன் ஒரு சிறு பங்கை எடுத்துவைத்து, பிறகு மண்ணில் இடுங்கள். உப்பு கலந்த நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், செடி வாடும். திசைகளுக்கு நன்றி சொல்லி, வந்த வழிக்கு எதிர்ச்சுற்றாக நடந்து வட்டத்தைக் கலையுங்கள். நோட்டில் தேதியும் நடந்ததும் எழுதுங்கள். இந்த நோட்டுக்கு விக்காவில் நிழல்களின் புத்தகம் என்று பெயர். உங்களிடம் அது ஏற்கெனவே மூன்று மாதமாக இருக்கிறது.

மூலிகைகள்: ஒரு நேரத்தில் ஒரு செடி

நூறு மூலிகைகளின் குணப்பட்டியலை மனப்பாடம் செய்வது வீண். ஒரு மாதத்துக்கு ஒரு செடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் செடி ரோஸ்மேரியாக இருக்கட்டும். சமையலில் பழகிய செடி, எளிதில் சாகாது, ஐரோப்பாவில் திருமணத்திலும் இழவிலும் நினைவின் அடையாளமாக எடுத்துச் செல்லப்பட்டது. கையில் இல்லாத எந்த மூலிகைக்கும் பதிலாக அதை வைக்கலாம் என்ற வழக்கமும் விட்ச்களிடம் உண்டு.

தொட்டியில் வையுங்கள், நல்ல வெயில் படட்டும், தண்ணீர் தேங்காத மண்ணாக இருக்கட்டும். மேல்மண் காய்ந்தபின்தான் தண்ணீர். தினமும் ஓர் இலையைத் தேய்த்து முகருங்கள். பறிக்கும்போது பனி காய்ந்த காலை வேளையில், செடியிடம் கேட்டுவிட்டு, கூரான கத்தியால் வெட்டுங்கள். ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். ஐந்தாறு கிளைகளைக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஒன்று இரண்டு வாரத்தில் இலை நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். கண்ணாடிச் சீசாவில் போட்டுப் பெயரும் தேதியும் ஒட்டுங்கள். பெயர் ஒட்டாத சீசாவில் இருப்பது என்னவென்று நினைவில் இருப்பதாகத் தோன்றினாலும் கொட்டிவிடுங்கள்.

பயன்படுத்தும் வழிகள் எளியவை. துணியில் முடிந்து குளிக்கும் நீரில் போடலாம். அதைப் போட்டுக் கொதித்து ஆறிய நீரால் வாசல்படியைத் துடைக்கலாம். லாவெண்டரைச் சிறு பையில் தைத்துத் தலையணை ஓரம் வைக்கலாம். தேநீருக்கு கெமோமிலோ புதினாவோ ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி போட்டு, மூடிவைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிட்டால் போதும்.

மூலிகையை எரித்துப் புகையூட்டும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள். கரித்துண்டு எரிப்பவர்கள் மணல் நிரப்பிய, வெப்பம் தாங்கும் பாத்திரத்தில்தான் எரிக்க வேண்டும்; கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களோ கூண்டுப் பறவையோ இருந்தால் புகையையே விட்டுவிட்டு, ரோஸ்மேரி நீரைத் தெளியுங்கள்.

இனி ஆபத்துகள். "இயற்கையானது, அதனால் தீங்கில்லை" என்ற நினைப்புதான் புதியவர்களின் மிகப் பெரிய தவறு. அளவுக்கு மிஞ்சினால் அமுதமே நஞ்சு எனும்போது, நஞ்சாகவே பிறந்த செடிகளைப் பற்றி என்ன சொல்வது? பெல்லடோனா, ஹென்பேன், வுல்ஃப்ஸ்பேன், ஊமத்தை ஆகியவை பழைய விட்ச் கதைகளில் வருவதால் அவற்றைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தொடாதீர்கள். வுல்ஃப்ஸ்பேனின் நஞ்சு தோல் வழியாகவே இறங்கும். பூக்காத ஃபாக்ஸ்குளோவின் இலை காம்ஃப்ரே இலை போலவே இருக்கும். மாற்றிப் பறித்துத் தேநீர் வைத்தவர்கள் இதயத் துடிப்பு குலைந்து மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். காம்ஃப்ரேயே உள்ளுக்குச் சாப்பிடக் கூடாதது, கல்லீரலைக் கெடுக்கும். பென்னிராயல் எண்ணெய் உயிரைப் பறித்திருக்கிறது.

கனவுகளுக்காக விட்ச்கள் விரும்பும் மக்வொர்ட்டைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். செயின்ட் ஜான்ஸ் வொர்ட் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கும், மனச்சோர்வு மருந்துகளோடும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளோடும் மோதும். மருந்து எடுக்கிறவர்கள் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்காமல் எந்த மூலிகையையும் உள்ளுக்கு எடுக்கக் கூடாது. வாசனை எண்ணெய்களைக் குடிக்கவே கூடாது. தோலில் தடவுவதென்றால் 30 மில்லி சமையல் எண்ணெய்க்கு ஆறு துளி போதும். டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு நஞ்சு. லில்லிப் பூவின் மகரந்தம் பட்டால்கூடப் பூனையின் சிறுநீரகம் போய்விடும். பூனை உள்ள வீட்டுப் பீடத்தில் லில்லி கூடாது.

இந்த மூலிகைக்கு இந்தக் கிரகம் என்று பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றில் நிறைய 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிக்கலஸ் கல்பெப்பர் எழுதிய மூலிகை நூல்வழி வந்தவை. தொடக்கத்துக்கு உதவும். ஒரு மாதம் ஒரு செடியோடு வாழ்ந்தபின் நீங்களே எழுதும் நான்கு வரி அதைவிட உங்களுக்குப் பயன்படும்.

ஸ்பெல் செய்வதற்கு முன்

ஸ்பெல் என்பது மந்திரச் செயல், விருப்பத்துக்குக் கொடுக்கும் உருவம். வேலை தேடுகிறீர்கள் என்று வையுங்கள். வளர்பிறையில் ஒரு மெழுகுவத்தியில், "நேர்மையான வேலை, என் திறமைக்கு ஏற்றது" என்பதற்கான ஒரு சொல்லையோ குறியையோ கீறுங்கள். அதைக் கையில் பிடித்து, அந்த வேலையில் ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று விரிவாக எண்ணுங்கள். ஏற்றுங்கள். எரிந்து முடிந்தவுடன், அதே நாளில், ஒரு விண்ணப்பத்தையாவது அனுப்புங்கள். விண்ணப்பம் இல்லாத ஸ்பெல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை. மெழுகுவத்தி மனத்தை ஒருமுகமாக்குகிறது. கால்தான் நடக்க வேண்டும்.

யாருக்கும் தீங்கில்லையெனில்

விக்காவின் நெறி ஒரே வரி: யாருக்கும் தீங்கில்லையெனில், விரும்பியதைச் செய். இன்று நாம் சொல்லும் வடிவில் இதை டோரின் வேலியன்ட் 1964-இல் ஓர் உரையில் சொன்னார். இதை ரீட் என்பார்கள். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் அறிவுரை. சட்டம் என்று அவர்கள் சொல்லவில்லை. உங்கள் முடிவுக்கு நீங்களே பொறுப்பு. செய்தது மும்மடங்காகத் திரும்பும் என்ற நம்பிக்கையும் உண்டு; எல்லோரும் ஏற்பதில்லை. தண்டனைக்குப் பயந்து நல்லவராக இருப்பது நெறியில் சேருமா என்று நானும் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

"யாருக்கும்" என்ற சொல்லில் நீங்களும் அடக்கம். தூக்கத்தைக் கெடுத்து, கடன் வாங்கிப் பொருள் வாங்கி, மருந்தை நிறுத்திச் செய்யும் எந்தச் சாதனையும் இந்த வரியை மீறுகிறது.

கஷ்டமான கேள்விகள் அன்பிலிருந்துதான் வருகின்றன. ஒருவர் தன்னைக் காதலிக்க வேண்டும் என்று ஸ்பெல் செய்யலாமா? கூடாது. அவருடைய விருப்பத்தை அவரிடமிருந்து பறிக்க நினைக்கிறீர்கள். பலிக்காவிட்டாலும் அந்த நினைப்பே உங்களைக் கெடுக்கும். "என்னை நேசிக்கக்கூடியவரை அடையாளம் காணும் கண் எனக்கு வேண்டும்" என்று கேட்கலாம். நோயுற்ற நண்பருக்காகச் செய்யலாமா? அவரிடம் கேளுங்கள். "உனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றட்டுமா?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கண்ணீரோடுதான் சம்மதம் வரும், வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். அவருக்கு மூலிகையை மருந்தாகக் கொடுக்காதீர்கள். சாப்பாடு செய்து கொண்டுபோங்கள், மருத்துவரிடம் போகத் துணைக்குப் போங்கள்.

பிறருடைய மரபை எடுப்பதிலும் இதே கேள்விதான். வெள்ளை சேஜ் என்ற மூலிகையைக் கட்டாகக் கட்டி எரிப்பது விட்ச்களிடம் பரவிவிட்டது. அது தென் கலிபோர்னியாவையும் அதை ஒட்டிய மெக்ஸிகோவையும் சேர்ந்த செடி; அங்குள்ள பழங்குடிகளுக்குப் புனிதமானது. அந்தச் சடங்குகளைச் செய்ததற்காக அந்த மக்கள் ஒடுக்கப்பட்டார்கள். இன்று விற்பனைக்காகக் காட்டுச் செடிகள் திருட்டுத்தனமாக வெட்டப்படுகின்றன. வீட்டை மணக்கச் செய்ய ரோஸ்மேரியும் தோட்டத்து சேஜும் இருக்கும்போது அது நமக்குத் தேவையே இல்லை.

ஆண்டுச் சக்கரம்

எட்டுப் பண்டிகைகள் உண்டு. சூரியனின் நான்கு திருப்பங்கள்: டிசம்பர் 21 வாக்கில் யூல், மார்ச் 20 வாக்கில் ஆஸ்டாரா, ஜூன் 21 வாக்கில் லிதா, செப்டம்பர் 22 வாக்கில் மேபன். இடையில் நான்கு: பிப்ரவரி தொடக்கத்தில் இம்பால்க், மே முதல் நாள் பெல்டேன், ஆகஸ்ட் முதல் நாள் லூனசா, அக்டோபர் 31-இல் இறந்தவர்களை நினைக்கும் சவின். ஆங்கில எழுத்தை வைத்து அதைச் சம்ஹைன் என்று படித்துவிடாதீர்கள். தெற்கு அரைக்கோளத்தில் எல்லாம் ஆறு மாதம் தள்ளிப்போகும். பனியே விழாத இடத்தில் இருக்கிறவர்கள் சூரியனின் திருப்பங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை உங்கள் மண்ணின் மழைக்கும் விளைச்சலுக்கும் ஏற்ப அமைக்கலாம். முதல் ஆண்டில் எட்டையும் கொண்டாட முயல வேண்டாம். இரண்டு போதும்.

குழுவில் சேருவதானால்

விட்ச் குழுவைக் கோவன் என்பார்கள். கார்ட்னர் வழிக் குழுக்களில் மூன்று படிநிலைத் தீட்சைகள் உண்டு. முதல் தீட்சைக்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் பயிற்சி என்பது பரவலான வழக்கம். தனியாகச் செய்கிறவர்களே இன்று அதிகம். அது குறைந்த வழியும் அல்ல.

சேருவதற்கு முன் பலமுறை பொது இடத்தில் சந்தியுங்கள். பழைய உறுப்பினர்கள் ஏன் விலகினார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலை அவர்கள் சொல்லும் விதமே நிறையச் சொல்லிவிடும். தீட்சைக்குப் பணம் கேட்டால் எழுந்து வாருங்கள்; அந்த மரபில் அதற்குக் கட்டணம் கிடையாது. ஆடையின்றிச் சடங்கு செய்யும் குழுக்கள் உண்டு. மறுக்கும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு, மறுத்தால் முகம் மாறுகிற இடம் உங்களுக்கான இடம் அல்ல. சடங்கின் பெயரால் உடலுறவைக் கோருகிறவர், குடும்பத்திடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் பிரிக்கிறவர், விலகினால் சாபம் விழும் என்று மிரட்டுகிறவர், எத்தனை படிநிலை பெற்றிருந்தாலும் அவர் குரு அல்ல. ஆணும் பெண்ணும் சேர்வதைக் குறிக்கும் சடங்கு அதாமேயைக் கோப்பையில் இறக்குவதாகவே பெரும்பாலும் செய்யப்படுகிறது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் குழுவில் சேர வேண்டாம். வானமும் நோட்டும் செடியும் அவர்களுக்கும் திறந்தே இருக்கின்றன.

ஓராண்டும் ஒரு நாளும்

நோட்டின் முதல் பக்கத்திலிருந்து 366-ஆம் நாள் வரும்போது அதை முதலிலிருந்து படியுங்கள். எந்தப் பிறையில் உங்களுக்குத் தூக்கம் குறைகிறது, எந்த மாதத்தில் ரோஸ்மேரி துளிர்த்தது, எந்த ஸ்பெல்லுக்குப் பிறகு நீங்கள் நடந்தீர்கள், எதற்குப் பிறகு சும்மா இருந்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுதாத நாள்களும் தெரியும். அவற்றை இட்டு நிரப்ப வேண்டாம்.

இந்த வழி உங்களுடையது என்று தோன்றினால், அன்று மாலை வட்டம் வரைந்து, நெற்றியிலும் நெஞ்சிலும் பாதத்திலும் நீர் தொட்டு, உங்களை நீங்களே இதற்கு ஒப்புக்கொடுக்கலாம். இல்லையென்று தோன்றினால் திசைகளுக்கு நன்றி சொல்லி விலகலாம். இதில் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. எப்படியானாலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். மேல்மண் காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.